கைப்பழக்கம்: வலது

போட்டி நடத்துகிற கார்குழலி என்ற பெண்மணி தொலைபேசியில் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

“சார், லினெட் அப்பாங்களா? சின்ன விஷயம்தான். தாளத்துக்கு வாள் வீசற வீடியோ கேம் போட்டிக்கு அவங்க அனுப்புன வீடியோ மேல ஒரு புகார் வந்திருக்கு.”

புகார் என்ற சொல்லைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். முப்பத்து மூன்று வருஷம் புதுச்சேரி காவல்துறையில் சிவப்புத் தொப்பி வைத்தவன் நான். அதில் பதினேழு வருஷம் ஸ்டேஷன் ரைட்டர். எத்தனையோ வீடுகளின் மீது வந்த புகார்களை என் கையால் எழுதி வாங்கியிருக்கிறேன். என் வீட்டின் மீது ஒன்றுகூட வந்ததில்லை. என் தகப்பனார் காலத்திலும் வந்ததில்லை.

“புகார்தாரர் யாரு? எழுத்துமூலமா குடுத்திருக்காரா?”

“நிலவன்னு ரெட்டியார்பாளையம் பையன் சார். மெயில்ல குடுத்திருக்கான். முதல் சுத்துல உங்க பொண்ணு முதல் எடம், அவன் ரெண்டாவது எடம். விஷயம் என்னான்னா, படிவத்துல கைப்பழக்கம்னு ஒரு கட்டம் இருக்குல்ல? அதுல வலதுன்னு எழுதியிருக்கு. வீடியோவுல பாத்தா கஷ்டமான வெட்டு எல்லாத்தையும் இடது கை வெட்டுது. வெளியூருல யாரோ ஆடுனத எடுத்து, கண்ணாடியில பாக்கற மாதிரி திருப்பிப்போட்டு அனுப்பிட்டாங்கன்னு சொல்றான். லினெட் இடது கைக்காரங்கன்னா சொல்லிடுங்க சார். கட்டத்த திருத்திட்டு வேலையப் பாக்கலாம்.”

“அந்தப் படிவத்த எழுதுனது நான். நான் எழுதுன படிவத்துல தப்பு வராது. எங்க குடும்பத்துல இடது கைப் பழக்கம் யாருக்கும் கிடையாது.”

மாடிப்படியில் நின்றிருந்த லினெட் இறங்கி வந்தாள். “பப்பா, போன எங்கிட்ட குடுங்க” என்று கையை நீட்டினாள். நான் அவளைப் பார்த்ததும் நீட்டிய கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். எந்தக் கை என்று அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

“என் பொண்ண திருட்டு வீடியோ அனுப்புனவள்னு ஒருத்தன் சொல்லியிருக்கான். அத படிவத்துல ஒரு கட்டத்த திருத்தி மறைக்கறதுல எனக்குச் சம்மதமில்ல. எல்லாருக்கும் முன்னால அதே பாட்ட ஆடிக் காட்டட்டும். புகார்தாரரும் வரட்டும்.”

“பப்பா, வேணாம்” என்றாள் லினெட்.

அவள் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். குற்றம் செய்யாதவள் ஏன் பயப்பட வேண்டும் என்று கோபம்கூட வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி என்று முடிவானது. மூன்று வாய்ப்புகள். வீடியோவில் இருந்த மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. மூன்றில் ஒரு முறையாவது தொண்ணூற்றைந்தைத் தொட வேண்டும். தொட்டால் இறுதிப் போட்டி. தொடாவிட்டால் அவள் பெயரை நீக்கி, காரணத்தையும் அறிவிப்பார்கள். மோசடி என்ற சொல் எங்கள் பெயரோடு சேர்ந்து எல்லார் கைபேசிக்கும் போகும்.

இங்கே என் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் தகப்பனார் பிரெஞ்சுக்காரர் காலத்துச் சிப்பாய். இடது, வலது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. பிரெஞ்சில் கோஷ், துருவாத் என்றுதான் சொல்வார். சாப்பாட்டில் இடது கை பட்டால் “கோஷ்!” என்பார், கை தானாக இறங்கிவிடும். லினெட் எங்களுக்குக் காலம் தாழ்ந்து பிறந்த ஒரே மகள். மூன்று வயதில் அவள் எல்லாவற்றுக்கும் இடது கையைத்தான் நீட்டினாள். நானும் அதே சொல்லைச் சொன்னேன். சாப்பிடும்போது அவளுடைய இடது கையைக் கைக்குட்டையால் நாற்காலியோடு கட்டினேன். எட்டு வயதில், தேவாலயத்தில் புதுநன்மை வாங்கும்போது, வலது கையால் எழுதினாள், வலது கையால் சாப்பிட்டாள். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். இப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. கண்ணாடிக் கடை ஒன்றில் கண் பரிசோதனை செய்கிற வேலை. மாலையில் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த விளையாட்டை ஆடுவாள். நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி சாரம் பகுதியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடிக் கூடம். எழுபது பேருக்கு மேல் இருப்பார்கள், பெரும்பாலும் இளவட்டங்கள். நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் என் மனைவி வேளாங்கண்ணி. எங்கள் பகுதியான உப்பளத்தில் ஆட்டோ ஏறியதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

மேடையில் பெரிய திரை. நடுவில் தரையில் நாலடிக்கு நாலடி வெள்ளை டேப்பால் ஒரு கட்டம். லினெட் அதற்குள் நின்றாள். கார்குழலி ஒலிபெருக்கியைப் பிடித்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், கறாரான குரல்.

“பெரியவங்களும் வந்திருக்கீங்க, அதனால ஒரு தடவ சொல்லிடறேன். இந்தக் கண்ணாடிப் பெட்டிய முகத்துல மாட்டிக்கிட்டா வெளிய இருக்க எதுவும் தெரியாது. அவங்க உள்ள பாக்கறது உங்களுக்குத் திரையில தெரியும். கையில ரெண்டு பிடி இருக்கு. உள்ள அது வாளு. இடது கையில சிவப்பு, வலது கையில நீலம். பாட்டு ஆரம்பிச்சா தாளத்துக்குத் தாளம் கட்டைங்க எதுருல பறந்து வரும். சிவப்புக் கட்டைய சிவப்பு வாளு, நீலத்த நீல வாளுதான் வெட்டணும். கட்டை மேல அம்புக்குறி இருக்கும். அது மேல பாத்தா மேல, கீழ பாத்தா கீழ. வெட்டுனா மட்டும் போதாது. கைய நல்லா ஓங்கி, கட்டையோட நடுவுல எறக்கி, அந்தப் பக்கம் முழுசா கொண்டுபோகணும். அப்பதான் முழு மார்க்கு. சொணங்கி வெட்டுனா பாதி. விட்டுட்டா அதுவரைக்கும் சேத்துவச்ச பெருக்கல் கணக்கு இறங்கிடும். முள்ளு உருண்டை வந்தா தொடக் கூடாது. சுவரு வந்தா குனியணும். ஆடறவங்ககிட்ட யாரும் பேசக் கூடாது.”

“அவங்க வூட்ல யாரு ஆடுனாங்கன்னு கேளுங்க மேடம்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். சிரிப்பு நின்றது. அந்தப் பார்வை இன்னும் என்னிடம் இருக்கிறது.

நிலவன் மேடை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சிரித்தவர்களோடு அவன் சேரவில்லை. அதைக் குறித்துக்கொண்டேன்.

பாட்டு ஆரம்பித்தது. பறை அடியை மின்சாரத்தில் போட்டு உருக்கியதுபோல ஒரு சத்தம். திரையில் இருட்டுக்குள்ளிருந்து கட்டைகள் வந்தன. முதலில் ஒன்றிரண்டு. சிவப்பு, நீலம், சிவப்பு. லினெட் வெட்டினாள். முகத்தை மூடிய பெட்டிக்குக் கீழே அவளுடைய உதடுகள் மட்டும் தெரிந்தன. அவை இறுகியிருந்தன.

ஒரு நிமிஷம் தாண்டியதும் நீலக் கட்டைகள் மழைபோல வலப்பக்கத்தில் இறங்கின. கீழே, மேலே, சாய்வாக, மறுபடி கீழே. வலது கை ஓடியது. ஆனால் ஓங்குவதற்குள் அடுத்தது வந்துவிட்டது. இரண்டு தப்பின. நான்கு தப்பின. திரை ஓரத்தில் ஒரு வெளிச்சக் கோடு ஒவ்வொரு தப்புக்கும் குறைந்துகொண்டே போய் அணைந்தது. திரை சிவந்து நின்றது. பாட்டு பாதியிலேயே அறுந்தது.

“முதல் வாய்ப்பு முடிஞ்சிது. பாட்ட முடிக்கல” என்றார் கார்குழலி.

கூடத்தில் முணுமுணுப்பு. லினெட் பெட்டியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வேர்வையைத் துடைத்தாள். எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை.

“பதட்டம். அடுத்ததுல சரியாயிடும்” என்றேன்.

வேளாங்கண்ணி முதல் தடவையாக வாயைத் திறந்தாள். “கண்ணத் தொறந்து பாருங்க” என்றாள்.

இரண்டாம் முறை பார்த்தேன். ஸ்டேஷனில் ஒருவன் பொய் சொல்கிறானா என்று அவன் வாயைப் பார்க்காமல் கையைப் பார்த்துப் பழகியவன் நான். அதனால் திரையை விட்டுவிட்டு அவளுடைய கைகளைப் பார்த்தேன்.

இடது கைக்கு வேலை குறைவு. எப்போதோ வரும் ஒரு சிவப்புக் கட்டை. ஆனால் அது வரும்போதெல்லாம் அந்தக் கை தோளிலிருந்து ஓங்கி, நடுவில் இறங்கி, இடுப்பைத் தாண்டிப் போய் நின்றது. ஒரு தடவைகூடப் பிசகவில்லை. வலது கை அப்படியில்லை. கற்றுக்கொண்ட கை. பாடத்தை ஒப்பிக்கிற பிள்ளைபோல ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நொடி யோசித்தது. நீல மழை இறங்கியபோது இன்னொன்றையும் கண்டேன். வலப்பக்கம் கட்டை வரும் ஒவ்வொரு தடவையும் முதலில் துடித்தது இடது கை. துடித்து, அடங்கி, அதன் பிறகே வலது கை புறப்பட்டது.

போனுக்காக அவள் நீட்டி இழுத்துக்கொண்ட கை எது என்று அப்போது எனக்குப் புரிந்தது.

இந்த முறை பாட்டை முடித்தாள். திரையில் எண்கள் விழுந்தன. எண்பத்தெட்டு.

“பாத்தீங்களா?” என்றான் நிலவன். குரலில் கேலி இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. “எண்பத்தெட்டு ஆடறவங்க தொண்ணூத்தேழு போட முடியாது மேடம். அந்த வீடியோவுல ஆடுனது வேற கை.”

“வேற கைதான்” என்றாள் வேளாங்கண்ணி, எனக்கு மட்டும் கேட்கும்படி. “அவ கைதான். மாடியில தெனம் இடது கைப் பக்கம் மாத்தி வச்சுதான் ஆடறா. அந்த விளையாட்டுல அதுக்குன்னு ஒரு வசதி இருக்கு. மொத்த ஆட்டத்தையும் பக்கம் மாத்திக் குடுக்கும். எனக்குத் தெரியும். உங்களத் தவிர தெருவுல எல்லாருக்கும் தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லல?”

“இடது கைப் பழக்கமே கிடையாதுன்னு நீங்க போன்ல சத்தியம் பண்ணாத குறையா சொல்லிட்டீங்க. இனிமே அவ எப்படி மாத்தி ஆடுவா? பப்பா பொய் எழுதுனாருன்னு நாலு பேரு முன்னால காட்றதுக்கா? தோத்துட்டுப் போறேம்மான்னு காலையில சொல்லிட்டா.”

மேடையில் லினெட் தண்ணீர் குடித்துவிட்டுப் பாட்டிலை வைத்தாள். பெட்டி இன்னும் நெற்றியில் இருந்தது. இன்னும் அரை நிமிஷத்தில் அதைக் கண்ணுக்கு இறக்கிவிடுவாள்.

அவளோடு பேசக் கூடாது என்பது விதி. ஒரு சொல்லில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். எங்கள் வீட்டுச் சொல், மற்ற யாருக்கும் புரியாது. என் மானமும் தப்பும், அவள் மானமும் தப்பும். எழுந்து நின்று, அணிவகுப்பில் கத்துகிற குரலில் கத்தினேன்.

“கோஷ்!”

லினெட் திடுக்கிட்டாள். அவளுடைய இடது கை சடக்கென்று முதுகுக்குப் பின்னால் போனது. முகம் வெளுத்தது. இருபத்தோரு வருஷமாக அந்தச் சொல்லுக்கு அவளிடம் இருந்த அர்த்தம் அது ஒன்றுதான். வேறு அர்த்தத்தை நான் அவளுக்குக் கொடுத்ததே இல்லை.

“பெரியவரே, இங்க கோஷம்லாம் போடக் கூடாது” என்றார் கார்குழலி.

கூடமே சிரித்தது. “தாத்தா எந்தக் கட்சி?” என்றான் ஒருவன். “எலெக்ஷனுக்கு இன்னும் நாளு இருக்கு தாத்தா!”

“இன்னொரு சத்தம் வந்துச்சுன்னா இந்த வாய்ப்பு செல்லாதுன்னு அறிவிச்சிடுவேன் சார். உக்காருங்க.”

லினெட் குனிந்த தலையோடு பெட்டியை இறக்கக் கையை உயர்த்தினாள். வலது கையை.

நான் உட்காரவில்லை. மேடைக்கு நடந்தேன். மூன்று படிகள். மகளின் பக்கம் திரும்பாமல் கார்குழலியின் எதிரில் போய் நின்றேன்.

“ஆடறவங்ககிட்ட பேசக் கூடாது. உங்ககிட்ட பேசலாம் இல்ல?”

“சொல்லுங்க.”

“ஒலிபெருக்கியக் குடுங்க.”

தயங்கிக் கொடுத்தார். என் குரலுக்கு அது தேவையில்லை. ஆனால் போனில் சொன்னதை ஒரு ஆள் கேட்டார், இதை எல்லாரும் கேட்க வேண்டும்.

“என் பேரு தனிஸ்லாஸ். லினெட்டோட தகப்பன். அந்தப் படிவத்துல கைப்பழக்கம் வலதுன்னு எழுதுனது நான். தப்பா எழுதுனேன். எங்க குடும்பத்துல இடது கைப் பழக்கம் கிடையாதுன்னு இவங்ககிட்ட சொன்னதும் தப்பு. என் பொண்ணு இடது கைக்காரி. பொறந்ததுலேருந்து இடது கைக்காரி. தப்பு என்னோடது. படிவத்த எடுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. என் சட்டைக் காலருக்குள் வேர்வை இறங்கியது. இதைவிடப் பெரிய கூட்டங்களின் முன்னால் நின்றிருக்கிறேன், தடியோடு. கையில் எதுவும் இல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

கார்குழலி மேசையிலிருந்த கோப்பைப் புரட்டி அந்தத் தாளை எடுத்தார். என் எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, கோட்டைத் தொடாமல் நின்றது.

“ஒரு நிமிஷம் மேடம்” என்றான் நிலவன். “ஆட்டம் நடக்கறப்ப படிவத்த திருத்துனா செல்லுமா?”

நியாயமான கேள்வி. அவனிடமே பதில் சொன்னேன்.

“அடித்தல் திருத்தல் செல்லும் தம்பி. அடிச்சது படிக்கற மாதிரி இருக்கணும். எழுதுனவனே பக்கத்துல சுருக்கொப்பம் போட்டு, தேதி, நேரம் போடணும். பதினேழு வருஷம் எனக்கு இதுதான் வேலை.”

அவன் கார்குழலியைப் பார்த்தான். பிறகு தோளைக் குலுக்கினான். “சரி. பக்கம் மாத்தி வச்சுக்கட்டும். ஆனா இதே வாய்ப்புதான். நாலாவது கிடையாது.”

“கிடையாது” என்றேன்.

பேனாவை எடுத்தேன். ‘வலது’ என்ற சொல்லின் மேல் ஒரே ஒரு நேர்கோடு. அதற்கு மேலே ‘இடது’. சுருக்கொப்பம். தேதி. மணி மூன்று ஐம்பத்திரண்டு. கோடு கொஞ்சம் வளைந்திருந்தது.

படியிறங்கும்போது லினெட் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததை உணர்ந்தேன். நான் திரும்பவில்லை. பேசக் கூடாது என்பது விதி. பார்வையும் பேச்சுதான்.

அவள் பெட்டியை இறக்கினாள். திரையில் ஒரு பட்டியல் திறந்தது. அதில் ஒரு கட்டத்தைத் தொட்டாள். கட்டைகளின் பாதைகள் கைமாறின.

பாட்டு.

நீல மழையாக இருந்தது இப்போது சிவப்பு மழையாக இடப்பக்கம் இறங்கியது. இடது கை எழுந்தது. ஓங்கல், இறக்கம், மறுபடி ஓங்கல். எதையும் ஒப்பிக்கவில்லை அந்தக் கை. கட்டை வருவதற்கு முன்பே அங்கே இருந்தது. சுவர் வந்தது, குனிந்தாள், குனிந்தபடியே இரண்டு வெட்டு. முள் உருண்டைகளின் நடுவில் ஒரு கட்டை; மணிக்கட்டை மட்டும் திருப்பி அதை எடுத்தாள். திரை ஓரத்தில் தொண்ணூற்றெட்டு.

“யேய்…” என்று பின்னால் ஒருவன் மூச்சை இழுத்தான்.

மூன்றாவது நிமிஷத்தில் அந்தத் தவறு வந்தது. அவள் கால் கட்டத்தின் டேப்பை மிதித்தது. உடல் சாய்ந்தது. ஒரு சிவப்புக் கட்டை தப்பியது. சமாளிக்க வீசிய வாள் முள் உருண்டையில் பட்டது. பெருக்கல் எட்டிலிருந்து நாலுக்கு விழுந்து இரண்டுக்கு வந்தது. தொண்ணூற்றெட்டு தொண்ணூற்றேழானது. தொண்ணூற்றாறரை. தொண்ணூற்றாறு.

வேளாங்கண்ணி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவளுடைய நகம் பதிந்திருந்தது.

இன்னும் நாற்பது விநாடி இருந்தது. லினெட் நிற்கவில்லை. ஒரு அடி பின்வாங்கி கட்டத்தின் நடுவைக் காலால் தேடி எடுத்தாள். பெருக்கல் நாலுக்கு ஏறியது. எண் இறங்குவது நிற்கவில்லை. தொண்ணூற்றைந்து புள்ளி எட்டு. புள்ளி ஐந்து. மறுபடி எட்டு மடங்கு. புள்ளி மூன்று. கடைசி மழை. இரண்டு கைகளும் ஒன்றையொன்று தாண்டிப் போய் வந்தன. புள்ளி மூன்று. புள்ளி மூன்று. அது அங்கேயே நின்றது.

பாட்டு முடிந்தது.

“தொண்ணூத்தஞ்சு புள்ளி மூணு” என்றார் கார்குழலி. “புகார் தள்ளுபடி. லினெட் இறுதிப் போட்டிக்குப் போறாங்க.”

கைதட்டல் எழுந்தது. நான் தட்டவில்லை. எழுந்து நின்றேன், அவ்வளவுதான்.

நிலவன் லினெட்டிடம் போனான். மன்னிப்புக் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். அவன், “அந்த முள்ளு நடுவுல இருந்த கட்டைய எப்படிக்கா எடுத்தீங்க?” என்று கேட்டான். அவள் காற்றில் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள், இடது கையால். பிறகு அவன் என்னிடம் வந்தான். “புகார வாபஸ் வாங்கி மெயில் போட்டுடறேன் சார்.”

“தேதி போடு” என்றேன்.

மண்டபத்துக்கு வெளியே ஆட்டோ பிடித்தோம். லினெட் நடுவில் உட்கார்ந்தாள். தலைமுடி வேர்வையில் ஒட்டியிருந்தது. சிறிது தூரம் போனதும் கேட்டாள்.

“பப்பா, கோஷ்னு கத்துனீங்களே. திட்றீங்கன்னு நெனச்சேன்.”

“திட்டல. உங்க தாத்தா அணிவகுப்புல நின்னப்ப முதல் அடிக்கு அந்தச் சொல்லத்தான் சொல்லுவாங்களாம். கோஷ்னா இடது கால எடுத்து வைக்கணும். அது உத்தரவு.”

“உத்தரவு போடறதுக்கு இருபத்தோரு வருஷமா?” என்றாள் வேளாங்கண்ணி.

முன்னால் சாலை பிரிந்தது.

“கோஷ்ல திரும்புப்பா” என்றேன் ஓட்டுநரிடம்.

“இன்னா சார்?”

லினெட் இடது கையை வெளியே நீட்டிக் காட்டினாள். “இந்தப் பக்கம்ணா.”

ஆட்டோ அவள் கை காட்டிய பக்கம் திரும்பியது.